காலி வீதியில் பெற்றோல் அடிக்கும்போது காசுக்குப் பெறுமதி கிடைக்கிறதா? (அல்டோ 800, கொழும்பு ஓட்டம்)

மரைன்டிரைவ்_வாசி
திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இருக்கிறேன். வேலை ராஜகிரியவில். கார் 2015 அல்டோ 800, மாதத்துக்கு ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் ஓடும். போன வருடம் வரை லீற்றருக்கு 14, 15 ஓடிய கார் இது. இந்த மூன்று மாதமாக 12 ஓடினாலே பெரிய விஷயம்.

எனக்குப் பெற்றோல் ஷெட்டில்தான் சந்தேகம். போன கிழமை வழக்கமாக அடிக்கும் இடத்தில் 3000 ரூபாய்க்கு அடிக்கச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து வந்த அழைப்பை எடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது மீற்றர் 500ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பூச்சியத்தில் தொடங்கினதா, முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு அடித்த 500இலிருந்து தொடர்ந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை.

காலையில் அடித்தால் கூடக் கிடைக்கும் என்கிறார்கள். 92க்குப் பதில் 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் கூட ஓடும் என்கிறார்கள். 2000 ரூபாய் என்று ரவுண்டாகச் சொல்லாமல் 1970 என்று சொல் என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். இதில் எது உண்மை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மட்டக்குளி98
திங்கள், இரவு 9.40

அண்ணா, நான் த்ரீவீல் ஓடுகிறவன். ஒரு நாளில் இரண்டு தரம் ஷெட்டுக்குப் போவேன். முதல் வேலை, இறங்கி நில்லுங்கள். காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிக் காசை நீட்டாதீர்கள். நல்ல ஷெட்டில் பையன்களே “பிந்துவ பலன்ன” (சிங்களத்தில், பூச்சியத்தைப் பாருங்கள்) என்று பூச்சியத்தைக் கையால் காட்டிவிட்டுத்தான் நொசிலை வைப்பார்கள். காட்டாவிட்டால் நீங்களே சொல்லுங்கள், “மல்லி, பிந்துவ பென்னன்ன” (தம்பி, பூச்சியத்தைக் காட்டுங்கள்). சிரித்துக்கொண்டு சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். அடித்து முடிந்ததும் லீற்றர் எவ்வளவு, லீற்றர் விலை எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

எப்போதும் விடியக் காலையில் அடிப்பதுதான் என் வழக்கம். குளிர்ச்சியில் பெற்றோல் கெட்டியாக இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 10.25

பூச்சியம் பார்ப்பது பற்றி மட்டக்குளித் தம்பி சொன்னது நூறு வீதம் சரி. காலைக் கதையை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெற்றோல் சூட்டில் விரியும், அது உண்மை. ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 லீற்றர் அடித்தால், ஒரு பாகைக்கு 30 மில்லிலீற்றர். கணக்குக்கு லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 9 ரூபாய். ஆனால் ஷெட்டில் பெற்றோல் இருப்பது வெயிலில் அல்ல, நிலத்துக்குக் கீழே புதைத்த தாங்கியில். அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் ஒரு பாகைகூட மாறாது. இது கொழும்பு வேறு. நுவரெலியாவைப் போல இரவும் பகலும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கிற இடமல்ல. காலையில் வரிசை இல்லை, அதற்காகப் போகலாம். பெற்றோல் கூடக் கிடைக்கும் என்பதற்காக அலாரம் வைத்து எழும்ப வேண்டாம்.

1970 கதையிலும் பலன் இல்லை. பம்ப் குறைத்து அளந்தால் 2000க்கும் குறைத்துத்தான் அளக்கும், 1970க்கும் குறைத்துத்தான் அளக்கும்.

---

கொட்டாஞ்சேனை_தம்பி
செவ்வாய், காலை 6.50

அண்ணா, ஷெட்டில் ஏமாற்று நடக்கிறது என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. என்னுடையது வாகன் ஆர் ஹைப்ரிட். புத்தகத்தில் டாங்கி 27 லீற்றர் என்று இருக்கிறது. போன மாதம் சிவப்பு விளக்கு எரிந்து நெடுநேரம் ஓடிய பிறகு ஃபுல் அடித்தேன். மீற்றர் 28க்கு மேல் காட்டியது. 27 லீற்றர் டாங்கிக்குள் 28 எப்படிப் போகும்? பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

---

கராஜ்காரர்_தெஹிவளை
செவ்வாய், காலை 8.05

தம்பி, அந்தப் பில்லை வைத்துக்கொண்டு யாருடனும் சண்டைக்குப் போய்விடாதே. புத்தகத்தில் போடுவது டாங்கியின் பெயரளவுக் கொள்ளளவு. அதற்கு மேலே பெற்றோல் விரிவதற்கு என்று கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், மூடியிலிருந்து டாங்கி வரை வரும் கழுத்துக் குழாயும் இருக்கிறது. டக்கென்று நின்ற பிறகும் இன்னும் அடி, இன்னும் அடி என்று சொன்னால் அந்த இடமும் நிரம்பும். நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அதைச் செய்யாதே. நொசிலின் நுனியை ஒரு நாள் உற்றுப் பார். பெரிய வாய்க்குக் கீழே குண்டூசித் தலை அளவில் ஒரு சிறிய துளை இருக்கும். பெற்றோல் ஓடும்போது அந்தத் துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெற்றோல் மட்டம் ஏறி வந்து துளையை மூடினால் உள்ளே இருக்கிற தகடு இழுபட்டு நொசில் தானாக நிற்கும். அந்த டக் சத்தத்தோடு வேலை முடிந்தது. அதற்கு மேல் அடித்தால் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைக்கிற கரிப் பெட்டிக்குள் ஈரமாகப் போய் அதைக் கெடுக்கும். மாற்றப் போனால் எவ்வளவு செலவு என்று கராஜில் கேட்டுப் பார். ரவுண்டாக 8000 வரட்டும் என்று இன்னும் இரண்டு தரம் அமத்தச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: ஷெட்டா காரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஃபுல் டூ ஃபுல் முறை தெரியுமா? டக் என்று நிற்கும் வரை ஒரு தரம் ஃபுல் அடியுங்கள், கிலோமீற்றரைக் குறித்து வையுங்கள். கால் டாங்கிக்கு வந்ததும் திரும்பவும் டக் வரை. இரண்டாவது தரம் எத்தனை லீற்றர் போனதோ, அதனால் ஓடிய கிலோமீற்றரைப் பிரியுங்கள். ஒரு தரம் ஒரு ஷெட்டில், அடுத்த தரம் வேறு ஷெட்டில். 2000க்கும் 3000க்கும் அடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்து மனக்கணக்குப் போட்டால் ஆயுளுக்கும் விடை கிடைக்காது.

---

அக்வா2014
செவ்வாய், பகல் 12.30

நான் இரண்டு வருடமாக 95 மட்டும்தான். இழுவை நன்றாக இருக்கிறது, எஞ்சின் சத்தமும் குறைவு. காசு கொஞ்சம் கூடினாலும் ஓட்டத்தில் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறேன்.

---

கணக்குப்பிள்ளை
செவ்வாய், பகல் 1.10

92 லீற்றர் 300, 95 லீற்றர் 340 என்று வைப்போம். 40 ரூபாய் வித்தியாசம் இருந்த மாதங்கள் உண்டு. அந்த 40 திரும்பி வர வேண்டுமானால் உங்கள் அக்வா 13 வீதத்துக்கு மேல் கூட ஓட வேண்டும். 22 ஓடுகிற கார் 25 ஓட வேண்டும். அளந்து பார்த்தீர்களா?

---

கராஜ்காரர்_தெஹிவளை
செவ்வாய், மாலை 6.45

ஓடாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் அல்ல. அமுக்கும்போது நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கிற தன்மை. ஒரு லீற்றர் 92இலும் ஒரு லீற்றர் 95இலும் இருக்கிற சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே ஓடுகிற ஜப்பான் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானின் ரெகுலர் பெற்றோலுக்குச் செய்தவை. அங்கே ரெகுலருக்குச் அந்த நாட்டுத் தர நியமம் கேட்பது 89 ஒக்டேன், பிரீமியத்துக்கு 96. ஆகவே ரெகுலர் கேட்கிற அக்வா, வாகன் ஆர், விட்ஸ் எல்லாவற்றுக்கும் நம்முடைய 92 தாராளமாகக் காணும். இந்தியாவில் செய்த அல்டோவுக்கும் அப்படியே. ஐரோப்பிய கார், டேர்போ பூட்டிய கார், பெற்றோல் மூடியின் உள்பக்கம் ‘குறைந்தது 95’ என்று ஒட்டியிருக்கிற கார் என்றால் பேச்சே இல்லை, 95தான். அதில் காசு மிச்சம் பிடிக்கப் போக வேண்டாம்.

92 அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அமத்தும்போது தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல் சத்தம் வந்தால் அது நொக்கிங். அப்போது கராஜுக்கு வாருங்கள். 95 அடித்து அந்தச் சத்தத்தை மூடி வைத்தால் நோய் உள்ளேயே இருக்கும்.

---

டீச்சரக்கா
செவ்வாய், இரவு 8.20

தம்பிமாரே, ஒரு விஷயம் எழுத வேண்டும் போல இருந்தது.

2022ஐ யாராவது மறக்க முடியுமா? ஜூன் கடைசியில் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அதுவும் கிடைத்தால்தான். இங்கே பம்பலப்பிட்டியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வரிசை போகும். முன்பின் தெரியாதவர்களுக்கு இரவில் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தோம். காருக்குள்ளேயே படுத்து, காலையில் எங்கள் பைப்பில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், த்ரீவீலுக்கு 5. அந்த 20 லீற்றருக்குள் பள்ளிக்கூடம், அம்மாவின் கிளினிக், கோட்டைக்கு ஒரு தரம், மரக்கறி எல்லாம் முடிய வேண்டும். ஞாயிறு இரவு ஒரு கொப்பியில் கிழமை முழுவதும் எங்கே எங்கே போக வேண்டும் என்று எழுதுவேன். ஒரே பக்கத்து வேலைகளை ஒரே பயணத்தில் சேர்ப்பேன். புறக்கோட்டைக்கும் கிளினிக்குக்கும் ஒரே நாள். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துவேன், எவ்வளவு வியர்த்தாலும் சரி. முன்பு கிழமைக்கு 30 லீற்றர் போன கார், 20இல் நின்றது. ஒரு வேலையும் தவறவில்லை.

2023 செப்டெம்பரில் கியூஆர் நின்றது. நான் கொப்பியை நிறுத்தவில்லை. ஷெட்டில் ஒரு லீற்றருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிப்பதை விட, போகாமல் விட்ட பத்துக் கிலோமீற்றரில்தான் எனக்குக் காசு மிஞ்சியது.

---

மட்டக்குளி98
செவ்வாய், இரவு 8.55

அக்கா, அந்த 5 லீற்றர் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும். கிழமைக்கு 5 லீற்றரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன ஹயர் ஓடுவது? பிளேன்டி தந்த ஆட்களில் நீங்களும் ஒருவரோ தெரியாது. யாராக இருந்தாலும் நன்றி அக்கா.

---

கொட்டாஞ்சேனை_தம்பி
புதன், காலை 7.15

கராஜ் அண்ணா, விளங்கியது. நான் இரண்டு தரம் கூட அமத்தச் சொன்னது உண்மைதான். இனி டக் சத்தத்தோடு சரி.

இன்னொரு கேள்வி. மாதக் கடைசி இரவு விலை மாறும் என்று எல்லோரும் ஷெட்டுக்கு ஓடுகிறார்களே, அதில் இலாபம் இருக்கிறதா? பிறகு, ஷெல், சினோபெக், ஐஓசி, கூட்டுத்தாபனம் என்று இத்தனை கம்பெனி வந்துவிட்டது. எது நல்லது?

---

கணக்குப்பிள்ளை
புதன், காலை 9.30

விலை 5 ரூபாய் ஏறப் போகிறது என்று வைப்போம். அரை டாங்கி கொண்ட வாகன் ஆருக்கு 13 லீற்றர் அடிப்பாய், 65 ரூபாய் மிச்சம். ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வரிசையில் நின்றால், சின்ன எஞ்சினே கால் லீற்றருக்குக் கூடக் குடிக்கும், 75 ரூபாய் அதிலேயே போகும். உன் ஹைப்ரிட் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், ஆனால் உன் இரவும் ஒரு கணக்குத்தான். பெரிய ஏற்றம் வருமென்று தெரிந்தால் மத்தியானமே அடித்துவிடு. இறங்கும் என்று தோன்றினால் இரண்டு நாளைக்குக் காணுமான அளவு அடித்துவிட்டுப் பொறு. அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்குள் 92 விலையில் வித்தியாசம் வந்தாலும் பெரும்பாலும் லீற்றருக்கு இரண்டு மூன்று ரூபாய்தான். போகிற வழியில் மலிவாக இருந்தால் அடி. அதற்காக பேலியகொட வரை போய் வந்தால் நட்டம். எனக்குக் கம்பெனியை விடவும் முக்கியம், அந்த ஷெட்டில் வியாபாரம் நன்றாக ஓடுகிறதா, பையன்கள் பூச்சியம் காட்டுகிறார்களா என்பது.

கார்டில் வங்கிகள் தருகிற எரிபொருள் கழிவையும் பாருங்கள். குறித்த நாள், குறித்த உச்சத் தொகை என்று நிபந்தனை இருக்கும். நிலுவையை முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு அது உண்மையான மிச்சம். மற்றவர்களுக்கு வட்டியில் போய்விடும்.

அளவில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், பில், நேரம், பம்ப் இலக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். பம்ப்களைச் சோதித்து முத்திரையிடுவதற்கென்று அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது, 1995இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில் பிரயோசனம் இல்லை.

---

மரைன்டிரைவ்_வாசி
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

வழக்கமான ஷெட்டில் 278 கிலோமீற்றருக்கு 23.6 லீற்றர் போனது, 11.8. அடுத்தது ஹவலொக் வீதிப் பக்கம் வேறொரு ஷெட்டில், 273 கிலோமீற்றருக்கு 22.9, அதாவது 11.9. இரண்டு இடத்திலும் ஒரே கதை. மூன்று மாதமாக ஒரு ஷெட்டை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த 500 ரூபாய்ச் சந்தேகம் தீரவில்லை, அது வேறு. ஆனால் கிலோமீற்றர் குறைந்தது காரில்தான் என்று விளங்குகிறது. இனி எங்கே பார்க்க?

---

கராஜ்காரர்_தெஹிவளை
ஞாயிறு, இரவு 7.50

மூன்று இடம் பாருங்கள். முதலாவது டயர் காற்று. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் அளவு ஒட்டியிருக்கும், காலையில் டயர் சூடாக முன் அளக்க வேண்டும். நான்கு டயரிலும் ஒரு பீஎஸ்ஐ குறைந்தால் 0.2 வீதம் போல எரிபொருள் கூடப் போகும். சின்னத் தொகைதான், ஆனால் ஆறேழு குறைந்தால் ஸ்டியரிங்கும் கனக்கும், டயரும் ஓரம் தேயும்.

இரண்டாவது, கடைசியாக எங்கேயாவது எஞ்சின் சூடேறியது என்று காட்டினீர்களா? நம் ஊரில் பலர் எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரி செய்துவிட்டேன் என்று அனுப்புவார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கம்ப்யூட்டர் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துப் பெற்றோலைக் கூடக் கூட ஊற்றும். இதைச் செய்கிற தொழில்காரர்களிடம் எனக்கு மிகவும் கோபம்.

மூன்றாவதுதான் உங்களில் என் சந்தேகம். கடற்கரையோரம் நிற்கிற கார். உப்புக் காற்றில் பிரேக் பேட்டை அழுத்துகிற கலிப்பரின் ‘பின்’ என்ற கம்பி இறுகி, காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். காலையில் மரைன் டிரைவில் இரண்டு மூன்று கிலோமீற்றர், முடிந்தவரை பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

---

மரைன்டிரைவ்_வாசி
திங்கள், காலை 6.40

அண்ணா, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று சக்கரம் வெறும் வெதுவெதுப்பு. முன் இடது சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே புறங்கையில் அனல் அடித்தது, கருகின வாடையும் வந்தது. டயர் காற்றும் எல்லாவற்றிலும் குறைவு, பின் இடதில் 19தான். நாளைக்குக் கொண்டு வரட்டுமா?

---

கராஜ்காரர்_தெஹிவளை
திங்கள், காலை 7.05

நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே கொண்டு வாருங்கள். இது பெற்றோல் பிரச்சினை மட்டுமல்ல. அந்தப் பிரேக்கை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

---

மரைன்டிரைவ்_வாசி
மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 8.30

கலிப்பர் பின் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒன்றைக் கழற்ற அண்ணா அரை மணித்தியாலம் போராடினார். அந்தப் பக்கத்து பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது, கையில் வைத்துக் காட்டினார். பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, இரண்டு பக்கமும் புதுப் பேட், டயருக்கும் சரியான காற்று.

பிறகு இரண்டு தரம் ஃபுல் டூ ஃபுல்: 291 கிலோமீற்றருக்கு 20.1 லீற்றர், 280க்கு 19.2. ஆக 14.5. மாதம் 1000 கிலோமீற்றருக்கு 15 லீற்றருக்கு மேல் குறைகிறது. லீற்றர் 300 என்றால் 4500 ரூபாய்க்கு மேல்.

இன்று அதே பழைய ஷெட்டில்தான் அடித்தேன். இறங்கி நின்று, “மல்லி, பிந்துவ பென்னன்ன” என்றேன். பையன் உடனே விலகி நின்று மீற்றரைக் காட்டினான்.

---

டீச்சரக்கா
சனி, இரவு 9.15

தம்பி, நானும் இன்றைக்கு ரிம்முக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே அளவு. ஆனால் காற்று ஒரு வருடமாகப் பார்க்கவில்லை என்று இப்போதுதான் நினைவு வந்தது. திங்கள் காலை கொப்பியில் முதல் வேலையாக எழுதியிருக்கிறேன்.